கஞ்சாவை விட்ட பின்னர்

பெரியநீலாவணைக் கடற்கரையில் ஒருநாள் மாலை என் பழைய மாணாக்கன் ஒருவனைக் கண்டேன். கரைவலை இழுத்துப் பிழைப்பவன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையிலே தாயை இழந்தபோது அவனுக்கு வயது ஐந்து.

“சேர், கஞ்சாவை விட்டு இருபது நாளாகிறது. உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை. நான் இன்னும் களவாகப் புகைக்கிறேன் என்று அப்பா ஏசுகிறார். பேய் பிடித்திருக்கிறது என்கிறார் பெரியம்மா. விட்டும் சுகமில்லையென்றால் ஏன் விடவேண்டும்?” என்றான்.

அக்கேள்விக்கு விடை கூறாதிருப்பின் அவன் மறுநாளே அப்புகையை நாடியிருப்பான். நான் வைத்தியன் அல்லன். எனினும், வைத்திய அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றைப் படித்தறிந்தேன். அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

கஞ்சாவில் மயக்கந் தரும் பொருளை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களாகிய கயோனியும் மெக்கூலமும் பிரித்தெடுத்தனர். அது நீரிற் கரைவதன்று; கொழுப்பிற் கரைவது. ஆதலின் உடலிற் படிந்து மெல்ல மெல்லவே வெளியேறும். நாள்தோறும் புகைத்தவரது சிறுநீரில் அதன் எச்சம் சில வாரங்களின் பின்னும் காணப்படலாம். எச்சம் இருந்தது என்பதனால் மட்டும் அவர் மீண்டும் புகைத்தார் என்று துணிதல் தவறு.

இரண்டாவது காரணம் மூளையைச் சார்ந்தது. அப்பொருளை ஏற்கும் வாங்கிகள் மூளையில் உள்ளன. நெடுநாட் பாவனையால் அவை குறைகின்றன. நிறுத்தினால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் மீள்கின்றன என 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இடைக்காலத்திலே உறக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, வியர்வை, கொடுங்கனவு ஆகியன தோன்றும். முதல் வாரத்தில் இவை கடுமையாகிப் பின்னர் தணிவது வழக்கம். உறக்கக்குறை சிலருக்கு மேலும் நீடிக்கும்.

மூன்றாவது, புகையிலை. கஞ்சாவைப் புகையிலையுடன் கலந்து புகைத்தவன் இரண்டையும் ஒருங்கே விடும்போது இருவகைத் தவிப்பும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

நான்காவது, பழைய துயரம். என் மாணாக்கன் புகைக்கத் தொடங்கியதே இராக்காலத்தில் அலையோசை கேட்டு அஞ்சாது உறங்குவதற்காகத்தான். புகை அவ்வச்சத்தை மூடிவைத்ததேயன்றி மாற்றவில்லை. மூடி அகன்றதும் அச்சம் வெளிப்பட்டது. இதனைக் கஞ்சாவின் எச்சம் என்பதிலும் ஆறாத புண் என்பதே பொருந்தும்.

இவையன்றிக் குருதிக்குறைவு, தைரொயிட் கோளாறு முதலிய வேறு நோய்களும் இத்தகைய குறிகளைத் தரும். எல்லாவற்றையும் கஞ்சாவின் தலையிற் சுமத்திவிடின் உண்மை நோய் மறைந்துபோம்.

ஒன்றுமட்டும் பொறுத்திருக்கத் தக்கதன்று. இல்லாத குரல் கேட்டாலும், எல்லோரும் தனக்குப் பகைவரென ஐயுற்றாலும், உயிரை மாய்க்க எண்ணினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சுவீடனிலே படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைப் பதினைந்தாண்டு கவனித்த ஆய்வொன்று 1987இல் வெளியாயிற்று. ஐம்பது தடவைக்குமேற் கஞ்சா பாவித்தோரிடையே மனச்சிதைவு நோய் கஞ்சா பாவியாதோரிலும் ஆறு மடங்காகக் காணப்பட்டது. பாவித்தவரெல்லாம் அந்நோய்க்கு ஆளாவர் என்பது இதன் பொருளன்று. குறி கண்டவிடத்துத் தாமதிக்கலாகாது என்பதே பொருள்.

மறுநாள் தந்தையையும் மகனையும் கல்முனையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியர் கூறியதைக் கேட்ட தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இனி இரவில் நானும் உன்னோடு விழித்திருக்கிறேன், மகன்” என்றார். அன்றிலிருந்து அவ்வீட்டில் ஏச்சு ஓய்ந்தது. உறக்கமோ சிறிது சிறிதாகவே வந்தது.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர் இதனை விட்டு வருந்துவாராயின் ஐயுறாதீர்கள், ஏசாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். மனநல உதவிக்கு 1926 என்னும் இலக்கம் உண்டு. விட்டவனுக்கு வேண்டுவது தண்டனையன்று. வைத்தியமும், சில வாரப் பொறுமையும், அருகில் ஒரு துணையுமே.