சுமையைச் சக்கரம் பார்க்கட்டும்!

கோல்ஃப் பழகும் பிள்ளைகள் பையைத் தோளில் சுமக்க வேண்டும், அதுதான் உரம் தரும் என்றார் எதிரணி நண்பர். நான் கேட்கிறேன்: பிள்ளை திடலுக்கு வந்தது பந்தடிக்கவா, பாரம் தூக்கவா?

விதிப்படி 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். பந்து, குடை, தண்ணீரெல்லாம் சேர்ந்தால் பை 10 கிலோவை எட்டிவிடும். 18 குழிகள், நான்கு மணி நேர நடை, அதுவும் நம்மூர் வெயிலில்! ஒவ்வோர் அடிக்கும் பையை இறக்கி ஏற்ற வேண்டும். வளரும் முதுகு என்னாவது? களைத்த பிள்ளை கடைசிக் குழிகளில் தடுமாறினால், "திறமை போதாது" என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

உரத்தை உடற்பயிற்சியில் தேடுங்கள். தள்ளுவண்டி வைத்திருக்கும் பிள்ளையும் நடக்கத்தான் செய்கிறது. மோட்டார் வண்டியில் ஏறி உட்காரவில்லையே!

மழையில் நனைந்த மேட்டில் வண்டி தள்ளுவது சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு இரு தோளிலும் மாட்டும் பையும் ஏழெட்டு மட்டைகளும் போதும். 14 என்பது உச்சவரம்பு, கட்டாயமல்ல.

மற்ற நாளெல்லாம் சுமையைச் சக்கரம் பார்க்கட்டும். பிள்ளை பந்தைப் பார்க்கட்டும்.