வண்டியின் மட்டம்

மட்டம் என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள் பயப்பது. வீடு கட்டும் மேசன் சுவரின்மீது நீர்மட்டத்தை வைத்துப் பார்த்து, "மட்டம் சரி" என்றால் நாம் மகிழ்கின்றோம். நாம் வாங்கி வந்த துணியை அயல்வீட்டார் தொட்டுப் பார்த்து, "மட்டமான சரக்கு" என்றால் முகம் சுளிக்கின்றோம். ஒரே சொல் செம்மையையும் குறிக்கின்றது, தாழ்வையும் குறிக்கின்றது. கப் என்று நம் நாட்டிலே வழங்கும் சிறு சுமை வண்டியின் மட்டத்தைப் பற்றி இன்று பேச முற்படும்போது, இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. செம்மை வேண்டிச் செய்த ஒரு வேலை தாழ்வாய் முடிந்ததையும், பின்னர் அது திருத்தப்பட்டதையும் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

கலைப்பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு வண்டிப் பொறியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என்னை இப்பாடத்துக்கு இழுத்து வந்தவள் எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி. மாரிகாலத்து இரவொன்றில், மாலை வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிக் கொண்டிருந்தாள். எதிரே வந்த வண்டியின் ஒளி நேரே கண்ணிற் பாய்ந்தது. வீதியின் ஓரம் எது, வெள்ளவாய்க்கால் எது என்று தெரியவில்லை. வாய்க்காலில் விழுந்தாள், வலக்கை மணிக்கட்டு முறிந்தது. வண்டியை ஓட்டி வந்தவன் உடனே நிறுத்தி, அவளைத் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றான். அவன் வேறு யாருமல்லன். என் தம்பியின் மகன், என் பெறாமகன்.

"நான் மெதுவாய்த்தான் வந்தனான், பெரியப்பா. டிம் லைற்றுத்தான் போட்டிருந்தனான்" என்று அவன் தலைகுனிந்து நின்றான். அவன் சொன்னது பொய்யன்று. என்னைச் சிந்திக்க வைத்ததும் அதுவே. மெதுவாக வந்து, விளக்கையும் தாழ்த்திப் போட்டிருந்த ஒருவன் எவ்வாறு ஒரு பிள்ளையின் கண்ணைக் குருடாக்கினான்?

விடையை எனக்குக் கற்பித்தவர் எனது பழைய மாணவர் ஒருவர். இப்போது சொந்தமாக வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். வகுப்பறையில் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை விட, அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கூடுதல் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் பெறாமகன் வெங்காயம் பயிரிடுபவன். விளைந்ததைத் தன் கப் வண்டியில் ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு செல்வான். வெறுமையாக நிற்கும்போது வண்டியின் முன்புறம் பின்புறத்தை விட ஐந்து சதமமீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அது அவனுக்குக் குறையாகப்பட்டது. லெவலிங் கிற் என்று சொல்லப்படும் மட்டப்படுத்தும் உதிரிப்பாகங்களை வாங்கி, ஓரிடத்திலே பூட்டுவித்து, முன்புறத்தை ஆறு சதமமீற்றர் உயர்த்திக் கொண்டான். வண்டி நிமிர்ந்து நின்றது. அவனும் நிமிர்ந்தான்.

நேயர்களே, சுமை வண்டியின் முன்புறம் ஏன் தாழ்ந்திருக்கின்றது? செய்தவர்கள் அறியாமற் செய்த பிழையா? அன்று. பின்னால் அரைத் தொன், ஒரு தொன் என்று பாரம் ஏறும்போது பின்வில் அமிழும். அப்பொழுது வண்டி நேராக நிற்கவேண்டும் என்பதற்காகவே வெறுமையில் அதன் பின்புறத்தை உயர்த்தி வைத்திருக்கின்றார்கள். நெற்கதிர் நிறைந்தால் தலை சாயும். சுமை வண்டியோ வெறுமையில் தலை சாய்ந்து, நிறைவில் நிமிரும். வெறும் வண்டியை மட்டப்படுத்துகின்றவன், பாரம் ஏற்றிய வண்டியை அண்ணாந்து பார்க்க வைக்கின்றான்.

அண்ணாந்தால் என்ன நேரும் என்பதை எளிய கணக்கொன்றாற் காணலாம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மீற்றர் தூரம். முன்புறத்தை ஆறு சதமமீற்றர் உயர்த்தினால், நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் வண்டி முழுவதும் பின்னோக்கிச் சாய்கின்றது. தாழ்த்திய விளக்கின் ஒளி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவிற் கீழ்நோக்கிச் செல்லுமாறு அமைப்பது வழக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்தால், கீழ்நோக்கிச் செல்லவேண்டிய ஒளி நூற்றுக்கு ஒன்று மேல்நோக்கிச் செல்கின்றது. நிலத்திலிருந்து தொண்ணூற்றைந்து சதமமீற்றர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி, அறுபது மீற்றர் தூரத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேலே நிற்கும். துவிச்சக்கர வண்டியில் வருகின்றவரின் கண் அந்த உயரத்தில்தானே இருக்கின்றது! பின்னால் வெங்காயம் ஏறி வண்டி மேலும் மூன்று சதமமீற்றர் அமிழ்ந்தால், அறுபது மீற்றர் வேண்டியதில்லை. முப்பது மீற்றரிலேயே ஒளி கண்ணை எட்டிவிடும். அன்று இரவு வண்டியில் வெங்காயம் இருந்தது.

இனி, உயரத்தைச் சீர்செய்யும் முறைக்கு வருவோம். கப் வண்டிகளின் முன்வில் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று சுருள்வில். இதற்குரிய கிற், வில்லின் தலைக்கு மேல் வைக்கும் ஒரு தடித்த வளையம். வில் சில்லின்மேல் நேரே நில்லாது, சில்லைத் தாங்கும் புயத்தின் நடுப்பகுதியில் ஊன்றி நிற்பதால், நெம்புகோல் விதிப்படி வளையத்தின் தடிப்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வண்டி உயரும். இதனை அறியாது இரண்டு அங்குலம் உயர்த்த இரண்டு அங்குல வளையம் வாங்கி ஏமாறுபவர்கள் உளர். வளையத்தின் தடிப்பே உயரத்தை நிச்சயிப்பதால், பூட்டிய பின்னர் திருகிச் சீர்செய்ய அதில் இடமில்லை.

மற்றொன்று முறுக்குக் கம்பி; டோர்ஷன் பார் என்பார்கள். 1996இல் வந்த மிற்சுபிசி எல் 200இன் நாற்சில்லு இயக்க வண்டிகளிலும், 2002இல் வந்த முதலாவது இசுசு டி-மக்ஸ் வண்டிகளிலும் உள்ளது இவ்வகையே. நீண்ட உருக்குக் கம்பியின் ஒரு முனை சில்லின் புயத்தோடும், மறு முனை வண்டிச் சட்டத்தோடும் பிணைந்திருக்கும். சில்லு மேலெழும்போது கம்பி முறுகும். முறுகிய கம்பி சில்லைத் திரும்பக் கீழே தள்ளும். சட்டத்துப் பக்கத்து முனையிலே சிறு புயமும், அதனைத் தாங்கும் திருகாணியும் உண்டு. திருகாணியை இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும். அச்சிறு புயத்தை மாற்றி வைப்பதே இவ்வகை வண்டிக்குரிய கிற். என் பெறாமகனின் வண்டி இவ்வகையினது.

திருகாணியை இறுக்கினால் வில் பலமடையும் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. கம்பியின் பலம் அதன் தடிப்பையும் நீளத்தையும் உருக்கையும் பொறுத்தது. திருகாணி மாற்றுவது நிற்கும் உயரத்தை மட்டுமே. அளவுக்கு மிஞ்சி உயர்த்திய வண்டி விறைப்பாக ஓடுவது, பள்ளத்திற் சில்லு கீழிறங்க இடமின்றி மேற்புயம் தடுப்பில் இடிப்பதனாலாகும். நாற்சில்லு இயக்க வண்டியாயின், முன் சில்லுகளுக்குச் செல்லும் அச்சுத் தண்டுகள் கூடுதலாகச் சாய்ந்து, அவற்றின் இறப்பர் உறைகள் விரைவிற் கிழிவதும் உண்டு.

கராஜ்காரர் முதலிற் செய்தது என்ன தெரியுமா? திருகாணியைத் தொடவேயில்லை. "சேர், வெறும் வண்டியை அளந்து என்ன பயன்? வழக்கமாய் ஏற்றுகிற வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். வண்டி வந்ததும் ரயர்களின் காற்றைச் சரிபார்த்தார். சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் பலமுறை அமுக்கி வில்லை அமரச் செய்தார். பின்னர் ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலுள்ள மட்காட்டின் விளிம்பு வரை அளந்தார். தரையிலிருந்து ஏன் அளக்கவில்லை என்று கேட்டேன். ரயரின் தேய்வும் காற்றும் அளவிற் கலந்துவிடும் என்றார்.

முன்னிடப்பக்கம் வலப்பக்கத்தை விடப் பன்னிரண்டு மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. முன்பு பூட்டியவர் இரு திருகாணிகளையும் ஒரே எண்ணிக்கையாகச் சுற்றியிருக்கின்றார். ஆனால் சாரதி இருக்கும் பக்கமும் மறு பக்கமும் ஒரே பாரத்தைத் தாங்குவதில்லையே. சுற்றின் எண்ணிக்கை சமமானால் உயரமும் சமமாகும் என்பது பொய். பின்வில் ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலும் அதற்கு மூலைவிட்டமான முன்பக்கம் உயரும். வகுப்பறையில் கால் குறைந்த மேசை எதிர் மூலையைத் தூக்கி ஆடுவதை நாம் காண்பதில்லையா? ஆகவே நான்கு மூலைகளையும் அளந்த பின்பே திருகாணியைத் தொடவேண்டும்.

தொடும்போதும் எச்சரிக்கை வேண்டும். முறுகி நிற்கும் கம்பி நாணேற்றிய வில்லுக்கு ஒப்பானது. அதன் வேகம் ஆளைக் காயப்படுத்தும். ஜக்கினால் முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சில்லுகள் தொங்கும் நிலையிலேதான் திருகவேண்டும். சிறிது திருகி, இறக்கி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் அளக்கவேண்டும். அன்று அவ்வாறு ஐந்து தடவை செய்தார். முடிவில், வண்டி முன்பிருந்ததை விட ஒன்றரைச் சதமமீற்றர் மட்டுமே உயர்ந்து நின்றது. பாரத்தோடு பார்த்தால் முன்புறம் அரைச் சதமமீற்றர் தாழ்வு, அவ்வளவே.

"அப்படியென்றால், வெறுமையாய் நிற்கேக்க திரும்பவும் குனிஞ்சுதானே நிற்கும், அண்ணை?" என்றான் பெறாமகன்.

"நிற்கட்டும். நீர் வண்டி வைச்சிருக்கிறது வெங்காயம் ஏற்றவோ, வாசலிலை நிறுத்திப் பார்க்கவோ?" என்றார் அவர். அதற்கு மறுமொழி இல்லை.

உயரம் மாறினால் சில்லுகளின் சாய்வும் நோக்கும் மாறும். ஆதலால் உயரம் நிச்சயமான பின்னரே சில்லு நேர்ப்படுத்தல் செய்விக்கவேண்டும். முன்னர் செய்தால் செலவு வீண், ரயரின் ஓரமும் தேயும். எல்லாவற்றுக்கும் இறுதியாக விளக்கு. அதனை எங்கள் பாடசாலை மண்டபச் சுவரிலேயே பார்த்தோம். சமதரையில், சுவரிலிருந்து பத்து மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் வெண்கட்டியாற் குறித்தோம். தாழ்த்திய ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்குப் பத்துச் சதமமீற்றர் கீழே விழுமாறு விளக்கின் திருகைத் திருப்பினோம். பாரத்தோடு ஒருமுறை, பாரமின்றி ஒருமுறை பார்த்தோம். உங்கள் வண்டிக்குரிய கைந்நூலிலே வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கொள்ளுங்கள். சாரதியின் முன்னால் விளக்கை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம் உள்ள வண்டியாயின், பாரம் ஏற்றியதும் அதனைத் திருப்ப மறவாதீர்கள்.

கிற் பூட்டுவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வில் தளர்ந்த பழைய வண்டிக்கும், முன்னால் எந்நாளும் பாரமான உபகரணம் தாங்கும் வண்டிக்கும் அது உதவும். பூட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே பிழை. பூட்டுவது பாதி வேலை. அளப்பதும், திருத்துவதும், விளக்கைத் தாழ்த்துவதும் மறுபாதி. முதற் பாதியின் அழகு வண்டிக்காரருக்குத் தெரியும். மறுபாதியை விட்டுவிட்டால், அந்தக் குறை எதிரே வருகின்றவருக்குத்தான் தெரியும்.

அந்த மாணவியின் கை குணமாகிவிட்டது. தவணைப் பரீட்சையை அவள் பிந்தியே எழுதினாள். என் பெறாமகன் இப்போது பாரம் ஏற்றிய ஒவ்வொரு மாலையும், புறப்படுமுன் வீட்டு மதிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுப் பார்த்த பின்பே வீதிக்கு இறங்குகின்றான். மதிலிலே அவன் இட்ட வெண்கட்டிக் கோடு ஒன்று இருக்கின்றது. மழை அதனை அழிக்கும்போதெல்லாம் திரும்பவும் கீறிக்கொள்கின்றான்.