கோல் காத்த தொழிலாளர்



உதைபந்தும் ஒரு தொழிலாமோ என்று நம்மவருட் சிலர் வினவுகின்றனர். இங்கிலாந்தின் வொர்க்கிங்டன் என்னும் ஊரில் 1951-இற் பிறந்த ஜான் பரிட்ஜ் என்பாரைக் கேண்மின். கோல் காத்தலே அவர்தம் பிழைப்பு. 1997 வரை 20-க்கும் மேற்பட்ட கழகங்கட்குக் கூலிக்குக் காவல் நின்றார். இதனை நிலையின்மை என்பாருமுளர்; யான் அவ்வாறு கருதேன். ஒரு குழுவிற் கோல் காப்பவர்க்கு இடம் ஒன்றே. அது நிரம்பியிருப்பின் வேறூர் செல்லாது என் செய்வார்? பயிற்சியை மட்டும் அவர் விட்டாரல்லர். வீட்டிலும், எதிர்பாரா வேளையில் மனைவியார் வீசும் பழங்களைப் பிடித்துக் கைபழகினாராம்! 1995-இல் மான்செஸ்டர் சிட்டிக்காக நின்றபோது வயது 43. பிரிமியர் லீக்கில் அவரின் மூத்தார் எவரும் ஆடிற்றிலர்.

பின்னர் ஓமான் நாட்டிற் பயிற்சியாசிரியரானார். ஆங்கு, விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலைக் குழுவொன்றில் ஆடிவந்த அலி அல் ஹப்சி என்னும் இளைஞரின் திறங்கண்டு பயிற்றினார். அவ்விளைஞர் 2003-இல் நார்வேக்கும், 2006-இல் இங்கிலாந்தின் போல்ட்டன் கழகத்திற்கும் சென்றார். 2009-இல் ஓமான் வளைகுடாக் கோப்பையை வென்றது. அப்போட்டியின் ஐந்து ஆட்டங்களிலும், ஆட்டநேரத்தில் ஒரு பந்தேனும் ஓமானின் கோலுட் புகவில்லை.