அரசன் எரித்த சுருள்



யூத நாட்டு மன்னன் யோயாக்கீம் குளிர்கால மாளிகையிலே வீற்றிருக்கிறான். எதிரே கணப்பு எரிகிறது. எரேமியா எனும் தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாருக்கு என்பான் எழுதிய சுருளை ஊழியன் ஒருவன் படிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் படித்ததும், மன்னன் கத்தியை எடுக்கிறான், அறுக்கிறான், நெருப்பிலே எறிகிறான். மேலும் படிக்கிறான் ஊழியன். மேலும் அறுக்கிறான் மன்னன். சுருள் முழுவதும் சாம்பல்!

எழுதியிருந்தது என்ன? நெறி தவறினீர், திருந்துவீர். திருந்தாவிடில் பாபிலோன் படை வரும், நாடு அழியும் என்ற எச்சரிக்கை. இதே மன்னனை எரேமியா வேறோரிடத்தில் இன்னும் கடுமையாகச் சாடுகிறார். உழைத்தவனுக்குக் கூலி கொடாமல் கேதுரு மரத்தால் மாளிகை இழைத்தால் அரசனாகி விடுவாயோ என்கிறார். உன் தந்தை யோசியாவும் உண்டான், குடித்தான். ஆனால் ஏழையின் வழக்கைக் கேட்டானே என்கிறார். கூலியும் வழக்கும்தான் அந்தத் தீர்க்கதரிசியின் கண்ணிலே கடவுட் பணி!

எருசலேம் கதை பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் எதற்கு என்பீர்கள். கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியிலே வாழ்ந்த வீரமாமுனிவர், விவிலியக் கதைகளைத் ‘தேம்பாவணி’யில் செந்தமிழாக்கி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. நமக்கு அன்னியக் கதையன்று இது. தெய்வத் தீர்ப்பை ஏற்பாரும் உங்களில் உண்டு, ஏற்காதாரும் உண்டு. அந்த வாதம் இன்று வேண்டாம். கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் தீக்கிரையாயிற்று. அன்று யோயாக்கீம் உயிரோடு இல்லை. சுருளை எரித்தவன் ஒருவன், வீடிழந்தவர் ஊரார்!

நம் மருதையாறும் இப்படி ஒரு கணக்கை எழுதி வைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு, மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மாதங்கள் சிலவே கழிந்தன. நவம்பர் 23, விடியற்காலை. வெள்ளம் புரண்ட மருதையாற்றிலே, அரியலூர் அருகே, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி விலகினார், இம்முறை விலகல் ஏற்கப்பட்டது. துணை அமைச்சர் அழகேசன் பெயர் 1957 தேர்தல் மேடைகளிலே அரியலூரோடு சேர்த்தே முழங்கிற்று.

சாஸ்திரியின் நேர்மையை நான் குறைத்துப் பேசேன். அவர் சுருளை எரித்தவர் அல்லர். பொறுப்பைத் தம் தோளில் தாங்கியவர். ஆயினும் கேட்கிறேன்: மகபூப்நகர் ஓர் எச்சரிக்கை அன்றோ? அமைச்சரின் பதவி விலகலா பாலத்தைத் தாங்கும்? வெள்ளத்துக்கு முன்னே ஆற்றுப் பாலங்களைப் பார்த்து வரும் கண்ணல்லவா தாங்கும்!

இனி உங்களிடம் வருகிறேன். யோயாக்கீம் அவையிலே அதிகாரிகள் மூவர், “எரிக்க வேண்டாம்” என்று மன்றாடினர். மற்றவர்கள்? மன்னன் முகத்தைப் பார்த்திருந்தனர். அஞ்சவுமில்லை, அழவுமில்லை. ஆளுவோர் எவராயினும் இத்தகைய அவையோர் கிடைப்பது எளிது. கிளைக்குக் கிளை கிடைப்பர்!

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரத்து அரியலூர்க்காரர் மனுவோடு உங்களிடம் வருகிறார். சின்ன வெங்காயத்தின் விலை விழுந்த பெரம்பலூர் உழவர் வருகிறார். “மேலிடத்துக்குப் பிடிக்காது” என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறீர்களே, அப்போது யோயாக்கீமுக்குக் கத்தி கூடத் தேவையில்லை. அவன் வேலையை நீங்களே முடித்து விடுகிறீர்கள். மாவட்டச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் அமைச்சரிடம் கொடுங்கள். தாள் தொலைந்தது என்றால் மறுபடி எழுதுங்கள். சுருள் எரிந்தபின் எரேமியா மறுபடி சொன்னார். பாருக்கு மறுபடி எழுதினான். இரண்டாம் சுருள் முதற்சுருளைவிட நீளம்.