தாளில் எழுதியதும் மலையில் நடப்பதும்

(யாழ்ப்பாணத்தில் நடந்த தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது லண்டனில் வந்த சில தீர்ப்புகளைப் பற்றி. "லண்டன் கோட்டுக்கும் நம் கொழுந்துக் கூடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஒரு தாள் வலம் வருகிறது. வெளியார் உற்பத்தி முறை என்று அதற்குப் பெயர். அவுட்குரோவர் என்று துரைமார் சொல்வார்கள். குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். உரமும் மருந்தும் கம்பனி தரும். புல் வெட்டுவது, கவ்வாத்து வெட்டுவது, கொழுந்து பறிப்பது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தை நிறுத்து எடுத்துக்கொண்டு, உரக்காசு மருந்துக்காசைக் கழித்து, மிச்சத்தை கிலோக் கணக்கில் தருவார்கள். பெரட்டுக்கு வரவேண்டாம், செக்றோலில் பேர் இல்லை. "இனி நீங்கள் கூலியாள் இல்லை, நமக்குப் பங்காளி" என்பார்கள்.

பங்காளி என்ற சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில் ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை, பிரசவ சகாயம், நாட்சம்பளம் எல்லாமே கரைந்து போகலாம். ஆகவே ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். ஒரு மனிதர் தொழிலாளியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எது? அவர் கையெழுத்துப் போட்ட தாளா? அவர் அன்றாடம் செய்யும் வேலையா? இந்தக் கேள்விக்குத்தான் லண்டனில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நின்று பேசுகிறோம். இங்கே அரசாங்க எழுதுவினைஞர் ஒருவராவது இல்லாத சொந்தபந்தம் குறைவு. அவர்கள் மறக்காத ஒரு வழக்கு கோடீஸ்வரன் வழக்கு. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சையில் தேறாத தமிழ் ஊழியர்களின் சம்பள ஏற்றத்தை அரசாங்கம் நிறுத்தியது. 1962 இல் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கும் அப்படி நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அது சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அரசாங்க ஊழியர் தம் சம்பளத்தைக் கேட்டு அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போடவே முடியாதாம்! அப்படியென்றால் சம்பளம் என்பது உரிமை இல்லை, மேலிடம் மனமிரங்கிக் கொடுப்பது என்றுதானே ஆகிறது?

வழக்கு லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. அன்று நமக்கு அதுதான் கடைசி நீதிமன்றம். 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு தீர்ப்பை வாசித்தார். அரசாங்கம் தன் ஊழியரை விரும்பியபோது வேலையிலிருந்து நிறுத்தலாம். ஆனால் அவர் உழைத்து ஈட்டிய சம்பளத்துக்கு அவர் வழக்குப் போடலாம் என்பதே அதன் சாரம். செய்த வேலைக்கு உரிய காசு தர்மம் இல்லை, கடன். இதை நாம் மனதில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

வழக்கின் மறுபாதிக்கு என்ன நடந்தது தெரியுமா? மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணா என்ற பெரிய கேள்வியை பிரிவிக் கவுன்சில் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வி விசாரிக்கப்படவே இல்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 1972 இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே காணாமற் போனது.

லண்டன் எப்போதும் நம் பக்கம் நின்றது என்றும் நினைக்கவேண்டாம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. அதை எதிர்த்து கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு இதே பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1953 இல் அது தள்ளுபடியானது. அந்தச் சட்டம் ஓர் இனத்தாரைக் குறிவைத்தது அல்ல என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மலையகத்தில் அதை நம்பியவர் யார்? ஆகவே கோட்டைக் கோயிலாகக் கும்பிடவும் வேண்டாம், வீண் என்று ஒதுக்கவும் வேண்டாம். அங்கே என்ன வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று படித்து வைத்துக்கொள்வோம்.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். ஊபர் கம்பனியை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போன நம் பையன்கள் பலர் இப்படிப்பட்ட கம்பனிகளின் போன் செயலியைப் பார்த்துத்தான் ஓட்டோ ஓட்டுகிறார்கள், மோட்டார்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். லண்டனில் யாசீன் அஸ்லம், ஜேம்ஸ் பாரர் என்ற இரண்டு ஓட்டுநர்கள் ஊபருக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். சக ஓட்டுநர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியவர்களும் அவர்கள்தான். கம்பனியின் வாதம் என்ன? "இவர்கள் நம்மிடம் வேலை செய்யவில்லை. ஒவ்வொருவரும் சொந்தத் தொழில் செய்யும் முதலாளி. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது." நம் தோட்டத்துப் பங்காளிக் கதைதான், வேறில்லை.

2016 இல் தொழில் நியாயசபையில் ஓட்டுநர்கள் வென்றார்கள். கம்பனி மேன்முறையீட்டுக்கு மேல் மேன்முறையீடு செய்தது. நான்கு படியிலும் தோற்றது. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது. லெகட் பிரபு எழுதிய தீர்ப்பு அது. தொழிலாளரைக் காக்க வந்த சட்டத்தை, முதலாளி தானே எழுதிய ஒப்பந்தத்தால் ஒதுக்கிவிட விடமுடியாது, உண்மையில் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்துடன் லீவும் உரித்தாயின. செயலியைத் திறந்து பயணத்துக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றும் நீதிமன்றம் ஏற்றது.

நீதிபதிகள் பார்த்த விசயங்கள் ஐந்து. அவற்றை நம் மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

ஒன்று, பயணக் கட்டணத்தை நிர்ணயித்தது யார்? ஊபர். நம் கொழுந்தின் கிலோ விலையைச் சொல்வது யார்?

இரண்டு, ஒப்பந்த விதிகளை எழுதியது யார்? ஊபர். ஓட்டுநர் ஒரு வரியைக்கூட மாற்றமுடியாது. நம்மிடம் நீட்டும் தாளில் ஒரு வரியை வெட்டச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று தெரியும்.

மூன்று, வரும் பயணத்தை மறுக்க ஓட்டுநருக்கு உண்மையில் சுதந்திரம் உண்டா? மறுத்துக்கொண்டே இருந்தால் செயலி அவரை வெளியே தள்ளிவிடும். நாம் ஒரு சுற்றுக் கொழுந்து எடுக்காமல் விட்டால் செடி நம் கையில் இருக்குமா?

நான்கு, வேலையின் தரத்தைக் கண்காணித்தது யார்? பயணிகள் போடும் புள்ளியை வைத்து ஊபர் கண்காணித்தது. நம் கூடையைக் கொட்டிப் பார்த்து முற்றல் இலை என்று கழிப்பது யார்? தண்ணீருக்கு என்று கிலோவைக் குறைப்பது யார்?

ஐந்து, வாடிக்கையாளரோடு ஓட்டுநர் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள முடிந்ததா? கம்பனி விடவில்லை. நம் கொழுந்தைப் பக்கத்துத் தொழிற்சாலை கூடிய விலைக்குக் கேட்டால் அங்கே கொடுக்க அனுமதி உண்டா?

இந்த ஐந்துக்கும் "எல்லாம் கம்பனிதான்" என்று பதில் வந்தால், நாம் பங்காளியா தொழிலாளியா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் தோழர்களே, முதலாளிமாரும் தீர்ப்புகளைப் படிக்கிறார்கள். டெலிவரூ என்ற சாப்பாடு விநியோகக் கம்பனியின் வழக்கைப் பாருங்கள். லண்டனில் அதன் ஓட்டுநர்களுக்காக ஒரு தொழிற்சங்கம் கூட்டுப்பேரம் பேசும் உரிமை கேட்டது. ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. அதைத்தான் சங்கம் காட்டியது. 2023 நவம்பர் 21ஆம் திகதி அதே உச்ச நீதிமன்றம் சங்கத்தின் கோரிக்கையை நிராகரித்தது. முக்கிய காரணம் என்ன தெரியுமா? ஓட்டுநர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. நடைமுறையிலும் கம்பனி அதைத் தடுக்கவில்லை. தானே வந்து செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் தொழில் உறவு இல்லை என்றது நீதிமன்றம்.

இங்கேதான் நாம் உன்னிப்பாக இருக்கவேண்டும். "நீங்கள் வராவிட்டால் மருமகளை அனுப்பலாம், ஆள் பிடித்தும் பறிக்கலாம்" என்று தாளில் ஒரு வரி இருந்தால் அது சலுகை மாதிரித் தெரியும். நாளைக்கு அந்த வரியே நமக்கு எதிரான சாட்சியாகலாம். பாட்டியும் பேரனும் சேர்ந்து பறிக்கும் கொழுந்தில் யாருடைய பேருக்கு சேமலாப நிதி கட்டுவது என்று கேட்டுக் கம்பனி கைவிரித்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. செயலி வழி வேலை செய்வோருக்காக 2024 அக்டோபரில் ஒரு பணிப்புரைச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலையைக் கம்பனி கட்டுப்படுத்துகிறது என்று காட்டும் உண்மைகள் இருந்தால் அவர் தொழிலாளி என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கவேண்டிய பாரம் கம்பனியின் தலையில். 27 நாடுகளும் 2026 டிசம்பர் 2ஆம் திகதிக்குள் இதைத் தம் சட்டத்தில் சேர்க்கவேண்டும். சர்வதேச தொழில் தாபனமும் 2006 இலேயே தனது 198ஆம் இலக்கப் பரிந்துரையில், பெயரைப் பார்க்காமல் உண்மையைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது.

இவை நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் நம் சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டலாம், நம் நீதிபதிகள் கவனிக்கலாம். நம் கையிலும் சொந்தச் சட்டம் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரியது அல்ல. தற்காலிக வேலையாளுக்கும், செய்த அளவுக்குக் காசு வாங்கும் ஆளுக்கும் அது உண்டு. கிலோக் கணக்கில் காசு என்ற ஒரே காரணத்தால் எவரும் தொழிலாளி இல்லாமல் போய்விடமாட்டார்.

கையெழுத்தின் விலையைக் கணக்குப் பார்ப்போம். 2024 இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்கு முதலாளி கட்டுவது 12 வீதம், அது 162 ரூபாய். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 40 ரூபாய் 50 சதம். ஒரு பேருக்கு 202 ரூபாய் 50 சதம். மாதம் 25 நாள் வேலை என்றால் 5,062 ரூபாய் 50 சதம். இது நம் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதத்துக்கு மேலே வருவது. அடுத்தது பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாட் சம்பளம். இருபது வருடம் உழைத்தவருக்கு 280 நாட் சம்பளம், அதாவது 378,000 ரூபாய். "கிலோவுக்குக் கூடக் காசு வருமே" என்பவர்கள் இந்தத் தொகைகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

ஆகவே சங்கம் உங்களிடம் கேட்பது இவைதான். எந்தத் தாளிலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் பிரதி கேளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையைக்கொண்டு வாசிப்பித்து, தலைவரிடம் காட்டுங்கள். பழைய சேவைக்காலம் தொடருமா, முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் பயப்படவேண்டாம். ஒரு கொப்பி வாங்கி, வேலை செய்த நாள், நிறுத்த கிலோ, கழித்த கிலோ, உரத்துக்குப் பிடித்த காசு, உத்தரவு சொன்னவர் யார் என்று தினமும் எழுதுங்கள். சம்பளத் துண்டு, நிறைச் சீட்டு, சேமலாப நிதிக் கடிதம் ஒன்றையும் எறியாதீர்கள். தொழில் திணைக்களத்திலும் தொழில் நியாயசபையிலும் நமக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான்.

லண்டன் ஓட்டுநர்கள் வென்றது வாய்ப்பேச்சால் அல்ல. தினமும் நடப்பதைக் காட்டி வென்றார்கள், சங்கமாக நின்று ஐந்து வருடத்துக்கு மேல் இழுபட்டு வென்றார்கள். கோடீஸ்வரன் வழக்கின் மறுபாதி கேட்பாரற்றுப் போனதையும் பார்த்தோம். தீர்ப்புக் கிடைத்தாலும் அதைக் கடைசிவரை கொண்டுபோக ஆள் வேண்டும். அதற்குத்தான் சங்கம். ஒரு லயத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்து மறுத்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்பார்கள். இருபது வீடும் சேர்ந்து "முதலில் வாசித்துப் பார்க்கிறோம்" என்று சொன்னால், துரை உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.