வண்டி ஓசூரில், வரி எங்கே?

(ஓசூர்ப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வகுப்புக்கு வரும் வழியில், தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "அசோக் லேலண்டு இங்கே, டி.வி.எஸ். இங்கே, டைட்டான் இங்கே! கோடி கோடியாய் வரி குவியும் ஊரில் எங்கள் தெருவுக்குச் சாலை இல்லையே, பணம் எங்கே போகிறது?" என்றார். கோபம் நியாயமானது. ஆனால், குவிகிறது என்றாரே, அங்கேதான் கணக்குப் பிசகுகிறது.

ஓசூரில் செய்த இருசக்கர வண்டியொன்றை லக்னோவில் ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். வரிக்கு முந்திய விலை 80,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குச் சரக்கு, சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு. ஆக, வரி 14,400 ரூபாய். பாதி, அதாவது 7,200, உத்தரப் பிரதேச அரசுக்கு. மறுபாதி மத்திய அரசுக்கு. வண்டியைச் செய்த தமிழ்நாட்டுக்கு? நேரடியாக ஒரு காசும் இல்லை! உதிரிப் பாகங்களுக்கு இங்கே செலுத்திய மாநில வரியும் கழிவாகி, வாங்கியவரின் மாநிலத்துக்கே கணக்கு மாற்றப்படுகிறது.

மத்திய அரசின் பாதியிலிருந்து பங்கு வருமே என்பீர்கள். வருகிறது. 2021 முதல் 2026 வரைக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த பங்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலங்களுக்குமாக நூற்றுக்கு 41, அதாவது 2,952 ரூபாய். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 120 ரூபாய்! அந்தக் குவியலிலும் உத்தரப் பிரதேசத்துக்கு 530 ரூபாய் அளவில் போகிறது.

லக்னோ நண்பர்மீது வருத்தம் வேண்டா. வரி கொடுத்தவர் அவர்தாம். முன்பு நிலைமை வேறு. மாநிலம் கடந்து விற்ற சரக்குக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. பெயர்தான் மத்திய வரி, வசூல் சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கு. நூற்றுக்கு நான்காக இருந்தது 2007இல் மூன்றாயிற்று, 2008இல் இரண்டாயிற்று, 2017 சூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்ததும் மறைந்தது. இழப்பீடு ஐந்தாண்டுகளுக்குத் தரப்பட்டது. 2022 சூனோடு அதுவும் நின்றது.

இனி, வந்த பணம் எங்கே இருக்கிறது? அரசுப் பணமென்றால் ஒரே பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். வரியும், கட்டணமும், கிருஷ்ணகிரிக் கருங்கல்லுக்கு அரசு பெறும் உரிமைத் தொகையும் தொகுநிதியத்தில் சேரும். சட்டமன்றம் இசையாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. அவசரத்துக்கென எதிர்பாராச் செலவு நிதியம் தனியே உண்டு. மூன்றாவது பொதுக் கணக்கு. அரசு ஊழியரின் வருங்கால வைப்புநிதியும் ஒப்பந்தக்காரர் கட்டிய வைப்புத்தொகையும் இருக்கும் இடம் இது. அரசு இங்கே காவற்காரன், உடைமைக்காரன் அல்லன். இந்த இருப்பைக் காட்டி "பணம் கொழிக்கிறது" என்று எவரேனும் மேடையில் முழங்கினால், நம்மவரேயானாலும் திருத்துங்கள்.

இன்னொன்று. வாங்கிய கடனும் தொகுநிதியத்தில் வரவாகவே பதியப்படும். ஆகவே மொத்த வரவைப் பார்த்து மகிழாதீர்கள். வருவாய்க் கணக்கைத் தனியே பாருங்கள். 2013-14 முதல் தமிழ்நாட்டின் வருவாய்க் கணக்கில் பற்றாக்குறை. அதாவது, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும்கூடக் கடன் ஒரு பகுதி போகிறது.

இந்த ஊரார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. குளிர்பெட்டி வாங்க அங்கே போகிறோம். 50,000 ரூபாய்ப் பொருளுக்கு 9,000 வரி, பாதி கர்நாடகத்துக்கு. ஆனால், 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து விதி மாறியிருக்கிறது. வாங்குபவர் வணிகப் பதிவில்லாத பொதுமக்களாயின், பட்டியலில் எழுதிய முகவரியே வரி சேரும் மாநிலத்தை முடிவுசெய்யும். முகவரி இல்லையேல் கடை இருக்கும் மாநிலம். உங்கள் ஓசூர் முகவரியை எழுதச் சொல்லுங்கள். விலை ஏறாது; கடைக்காரருக்கும் இழப்பில்லை. 4,500 ரூபாய் எல்லை தாண்டி நம் கருவூலத்துக்கு வரும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இந்த வழி செல்லாது. அவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே, எந்த மாநிலத்துப் பம்பில் நிரப்பினீர்களோ, விற்பனை வரி அந்த மாநிலத்துக்கே.