ஆறாம் வகுப்பும் கத்தாளை மீனும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். "நடுநிலைப் பள்ளியில பிள்ளைங்களுக்கு என்ன படிப்பு இருக்கு, என்ன வாய்ப்பு இருக்குன்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்றார். கல்லூரி விழாவிலே ஆறாம் வகுப்பைப் பற்றி என்னய்யா பேச்சு என்று சிலர் நினைக்கலாம். என் உத்தியோகம் பூராவும் ஆறு, ஏழு, எட்டு இந்த மூன்று வகுப்பிலேயே கழிந்தது. எனக்கு வேறு எதுவும் பேசத் தெரியாது என்பது செயலாளருக்கும் தெரியும்.

நம் பெரியவர்கள் காலத்தில் இதையெல்லாம் பர்ஸ்ட் பாரம், செகண்ட் பாரம், தேர்ட் பாரம் என்று சொல்லுவார்கள். தேர்ட் பாரம் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று ஒரு சர்க்கார் பரீட்சை. அதில் தேறினவர் ஊருக்குள் மனு எழுதிக் கொடுப்பார், நாலு பேர் அவரிடம் யோசனை கேட்பார்கள். இன்றைக்கு அந்த மூன்று வகுப்பையும் யாரும் கண்டுகொள்வதில்லை. தொடக்கப் பள்ளி என்றால் "அ, ஆ தெரியுதா" என்று கேட்கிறோம். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் மார்க்கைக் கேட்கிறோம். நடுவில் இருக்கிற பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நமக்கே தெரியவில்லை. கடலோரத்தில் பையன்கள் பள்ளியை விட்டு நழுவுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். பன்னிரண்டு வயதில் வலை இழுக்கக் கை பலம் வந்துவிடுகிறதல்லவா?

1994-ல் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தரங்கம்பாடி மீனவர் தெரு. அரையாண்டுத் தேர்வில் மீனின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிக் கேள்வி, ஐந்து மதிப்பெண். புத்தகத்தில் இருக்கிற படத்துக்குச் செவுள், துடுப்பு, வால் என்று ஆறு இடத்தில் கோடு போட்டால் போதும். இவன் போட்ட படம் புத்தகத்து மீன் மாதிரியே இல்லை. தலை மழுங்கி, வாய் கீழே இறங்கி இருந்தது. வயிற்றுக்குள் நீளமாக ஒன்றை வரைந்து 'நெட்டி' என்று எழுதியிருந்தான். தலைக்குள் இரண்டு சின்ன வட்டம் போட்டு 'கல்லு' என்று எழுதியிருந்தான். நான் அந்தக் கல் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, ஐந்துக்கு இரண்டு கொடுத்தேன். வகுப்பிலே படித்துக் காட்டிச் சிரிக்கவும் செய்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டாவது பாதியில் அவன் நின்றுவிட்டான். என் சிரிப்பினால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் அந்தப் படம் என் மனசை விட்டுப் போகவில்லை. பிறகு ஒரு நாள் சந்தையில் கத்தாளை மீன் வாங்கி, வீட்டில் தலையைக் குழம்பில் போட்டபோது என் பல்லில் நறுக்கென்று ஒன்று கடிபட்டது. துப்பிப் பார்த்தால் வெள்ளைக் கல். வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

இப்போது கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். தரங்கம்பாடி என்றதும் எல்லோரும் கோட்டையைச் சொல்வார்கள், 1620-ல் டென்மார்க்காரன் கட்டினது என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். 1706 ஜூலை 9-ல் சீகன்பால்கு ஐயர் இங்கே வந்து இறங்கினார். தமிழ் படிக்க என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டுக்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே வருஷத்தில், 1708-ல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் போட்டார். 1707-லேயே பள்ளி தொடங்கியாகிவிட்டது, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்தது 1713-ல். 1715-ல் புதிய ஏற்பாடு முழுக்க அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாற்றிலேயே காகிதம் செய்யப் பார்த்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகத் தினம் சைக்கிளில் போகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியாது.

அந்தப் பள்ளியில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மதம் பரப்ப வந்தவர்கள் நடத்திய பள்ளி அது, பாடத்தில் வேதபாடம்தான் முதலிடம். சாதி பார்த்து உட்கார்ந்த வழக்கமும் கோயிலுக்குள் வரை இருந்தது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் இந்த ஊர்ப் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதுவதும், பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம். 1789-ல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் செய்து, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் ஆயிற்று. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-ல் ஏற்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். நாம் இங்கே சட்டாம்பிள்ளையைக் கேலிப் பேச்சாக்கிவிட்டோம்.

இனி நம் கத்தாளைக்கு வருகிறேன். 1771-ல் தரங்கம்பாடிக்கு ஜான் ஐயர் வந்தார். கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். பள்ளிக்கூடம் நடத்துவதிலும் புழு பூச்சி பொறுக்குவதிலும் அவருக்குச் சம ஆசை. அவருக்கு முன்பே, 1768-ல், லின்னேயஸிடம் படித்த கோனிக் என்ற வைத்தியர் இங்கே வந்து செடி கொடி சேகரிக்க ஆரம்பித்திருந்தார். 1776-ல் வந்த ராட்லர் ஐயரும் அதே பைத்தியம்தான். பிற்காலத்தில் தமிழ்–ஆங்கில அகராதி செய்தவர் அவரே. ஜான் ஐயர் இந்தக் கடற்கரையில் கிடைத்த மீன், சங்கு, பாம்பு எல்லாவற்றையும் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லினில் மார்க்கஸ் பிளாக் என்று ஒரு மருத்துவர், மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தவர், அதை வாங்கி வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். நம் விரால் மீனுக்கு அறிவியல் உலகில் 1793-ல் பெயர் கிடைத்தது இங்கிருந்து போன மாதிரியை வைத்துத்தான். மண்ணுளிப் பாம்பின் பெயரிலும் ஜான் இருக்கிறார், 'எரிக்ஸ் ஜானியை'.

கத்தாளை இனத்துக்கு பிளாக் வைத்த பெயர் 'ஜானியஸ்'. நம் தரங்கம்பாடி ஜான் ஐயர் பெயர். அதில் ஒரு மீன் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா என்றால் லத்தீன் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லைங்க, அது கருத்த கத்தாளை! யாரோ ஒரு மீனவர் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சொன்ன வார்த்தை, ஜெர்மன் உச்சரிப்பில் புரண்டு, புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பனையேறிக் கெண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் குளத்தோரப் பனையில் ஒரு மீன் ஏறுவதைப் பார்த்ததாக டால்டார்ப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி எழுதியது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. மீன் மரம் ஏறுமா என்று இன்று வரை சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகரும் என்பதில் சந்தேகமே இல்லை, மழைக்காலத்தில் வயல் வரப்பில் நாமே பார்த்திருக்கிறோம்.

இப்படி இந்த ஊர் ஜனங்களுக்குத் தெரிந்தது பெர்லினுக்குப் போயிற்று, லண்டனுக்குப் போயிற்று. மீனவர் தெருப் பையனின் ஏழாம் வகுப்புப் பாடத்துக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அவன் வரைந்த கல், காதுக்குள் இருக்கிற கல். மீன் சமநிலையோடு நீந்துவதற்கும் சத்தம் கேட்பதற்கும் அது வேண்டும். கத்தாளைக்கு அந்தக் கல் மற்ற மீன்களைவிடப் பெரியது. அதை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். அதை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். அவன் எழுதிய நெட்டி, காற்றுப்பை. கத்தாளை அதை அதிரவைத்துத்தான் சத்தம் போடுகிறது. ஐந்துக்கு ஐந்து போட்டிருக்க வேண்டிய படம்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. 2004 சுனாமியில் படகு போய், மறுபடி எழுந்தவர். போன வருஷம் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற தோரணையில் இந்தக் கதையை ஆரம்பித்தேன். "எந்தப் படம் சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். அவருக்கு வேறு கவலை. மகள் ஏழாவது படிக்கிறாள், அரசுப் பள்ளி. "இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல மாத்தலாம்னு இருக்கேன் சார். வேன் வீட்டு வாசலுக்கே வருது. கடன் வாங்கித்தான் கட்டணும்" என்றார்.

"ஏம்ப்பா, கடன் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளு" என்று நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் தெருவில் இருக்கிற நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள். 2020-ல் வந்த சட்டப்படி, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2021-ல் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். கணக்கு ஆறாவதிலிருந்து தொடங்குகிறது, கவனியுங்கள். நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பத்தாவதில் திரும்பி வந்தால் அது கிடைக்காது. 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். அதற்கும் ஆறாவது முதல் என்றுதான் கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் இருக்கிற நண்பர்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஒதுக்கீட்டில் அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள் என்பது நியாயமான வருத்தம்தான்.

இன்னொன்று, எட்டாவதில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டுக்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90 மதிப்பெண். தேறித் தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. பாடக் கேள்வியைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மனத்திறன் கேள்விக்குத்தான் பழக்கம் வேண்டும், அதற்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். இங்கே முன்வரிசையில் இருக்கிற கணிதத் துறை மாணவர்களே, உங்களைத்தான் பார்க்கிறேன். நம்ம பழைய சட்டாம்பிள்ளை வேலைதான்.

அந்தப் பெண்ணை அப்பா இன்னும் மாற்றவில்லை. மாற்றவும் கூடும், அவர் பிள்ளை, அவர் முடிவு. நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, "மீனைப் படிக்கவா சார் அவளைப் பள்ளிக்கு அனுப்புறேன்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுவாரம் தீப்பெட்டியில் எட்டுக் கல் கொண்டுவந்து என் மேஜை மேல் கொட்டினாள். கத்தாளைக் கல் எது, கெளுத்திக் கல் எது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டினாள். "வளையம் எங்க சார்?" என்று கேட்டாள். என் பழைய பூதக்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

ஆகையால் பேராசிரியர் அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விலங்கியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பதினான்கு பேர் வருகிறார்கள். கல்லைத் தேய்க்க நல்ல கை வேண்டும், எனக்கு இப்போது விரல் நடுங்குகிறது. நேரம் இருக்கிறவர்கள் வாருங்கள். நைஸ் உப்புத்தாள் நான் வாங்கி வந்துவிடுகிறேன்.